கொழும்பில் மேல்மாடி வீட்டின் சூட்டைக் குறைப்பது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு கதிரையில் ஏறி நின்று சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இறங்கி, மேற்குப் பக்கச் சுவரில் வையுங்கள். அப்புறம் வடக்குச் சுவரில். மூன்றில் எது அதிகம் சுடுகிறதோ அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். கொழும்பில் மேல்மாடியிலோ தனிவீட்டிலோ இருப்பவர்களுக்கு அநேகமாகச் சீலிங்தான் சுடும்.

இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியவர இரண்டு வருடம் போனது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மேல்மாடி அனெக்ஸில் இருந்தோம். அஸ்பெஸ்டஸ் கூரை, அதன்கீழ் மெல்லிய சீலிங். பங்குனி, சித்திரை வந்தால் பிள்ளையின் முதுகெல்லாம் வேர்க்குரு. ஏசி பூட்ட வந்தவர்கள் சின்ன அறைக்கே 18,000 பிடியூ வலுவுள்ள ஏசி வேண்டும் என்றார்கள். பூட்டினோம். ஓடும்வரை குளிர்ந்தது, நிறுத்திக் கால் மணித்தியாலத்தில் பழையபடி சூடு. மாத மின்பாவனை 180 அலகைத் தாண்டியது. அதற்குமேல் ஓடும் ஒவ்வோர் அலகுக்கும் பட்டியலில் உள்ள ஆகக்கூடிய விலை. பக்கத்து வீட்டு வேலைக்கு வந்திருந்த மேசன் பாஸ் ஒருவர்தான் எங்கள் அறைக்குள் நின்று மேலே பார்த்துவிட்டு, "தங்கச்சி, மெசினில் பிழை இல்லை. இந்தக் கூரையை அப்படியே விட்டால் எதைப் பூட்டினாலும் இப்படித்தான்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் பலித்தவற்றையும், செய்யக்கூடாது என்று தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

கூரை ஏன் முதலில் என்று கேட்டால், கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து 7 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் உச்சியிலிருந்து அதிகம் விலகாது. கிழக்குச் சுவருக்குக் காலை வெயில் மட்டும், மேற்குச் சுவருக்கு மாலை வெயில் மட்டும். கூரைக்கோ காலையிலிருந்து மாலைவரை ஓய்வே இல்லை. மத்தியானம் அஸ்பெஸ்டஸ் சீற்றோ தகரமோ 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சீற் கீழே இருக்கும் நம்மை நோக்கி அடுப்புத் தணல் போலச் சூட்டை வீசுகிறது. ஃபேன் காற்றைத்தான் அசைக்கும், இந்த வீச்சை மறைக்காது. "ஃபேன் போட்டும் தலை சுடுகிறது" என்று சொல்வது இதைத்தான்.

எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது

வேலை தொடங்குமுன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். குளிர் நாட்டவர்கள் வீடு முழுவதையும் இறுக்கி மூடுவார்கள். இங்கே அப்படிச் செய்தால் வீடு புழுங்கிச் சாகும், சுவரில் பூஞ்சணம் படரும். ஏசி இருக்கும் ஓர் அறையை, அதிகம் போனால் இரண்டை, இடைவெளி இல்லாமல் மூடுங்கள். ஹோல், குசினி, குளியலறை எல்லாம் காற்று ஓடத் திறந்தே இருக்கட்டும். ஏசியே இல்லாத வீடு என்றால் இடைவெளி அடைக்கும் வேலை உங்களுக்கு வேண்டியதில்லை. கூரையையும் மேற்குப் பக்கத்தையும் மட்டும் பாருங்கள். ஒரே அறையைப் பாதி மூடி, பாதி திறந்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்: காற்றும் வராது, குளிரும் நிற்காது.

கூரை

வாடகை வீடாக இருந்தால் முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். கூரை அவருடையது. செலவில் ஒரு பங்கை வாடகையில் கழிக்கக் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கார அன்ரி பாதியை ஏற்றுக்கொண்டார், அடுத்து வருபவருக்கும் உதவும் என்று.

ஆகக் குறைந்த செலவில் கூடிய பலன் தருவது மினுங்கும் அலுமினியம் ஃபொயில். ஹார்ட்வெயார் கடைகளில் ரோலாகக் கிடைக்கும். பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் பல வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கலாம். கடைக்காரர் தடிப்பைக் காட்டித்தான் விலை சொல்வார். ஃபோம் ஒட்டிய 5 மில்லிமீற்றர், 10 மில்லிமீற்றர் என்று. ஆனால் ஃபொயிலின் முக்கிய வேலை தடிப்பால் நடப்பதில்லை. அதன் மினுங்கும் முகம் தான் வாங்கிய சூட்டைக் கீழே வீசாது, அவ்வளவுதான். அதற்கு அந்த முகத்துக்கு முன்னால் வெறும் காற்று இருக்க வேண்டும், ஓர் அங்குலமாவது. சீற்றோடு ஒட்டி, சீலிங்கோடு ஒட்டி, இரண்டு பக்கமும் அமர்ந்துவிட்டால் அது வெறும் உலோகத் தாள், சூடு அப்படியே கடந்து போகும்.

ஒரு பக்கம் மட்டும் மினுங்கும் ஃபொயில் என்றால் அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். பலரும் வெயில் வரும் பக்கம்தானே என்று மேல்நோக்கிப் போடுகிறார்கள். மேல்முகத்தில் ஒரு வருடத்தில் தூசி படியும், தூசி படிந்தால் மினுக்கம் போகும், மினுக்கம் போனால் வேலையும் போகும்.

வேலை செய்யும் ஒழுங்கு இது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் கீழே இறங்கிவிடுங்கள். சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலான இடம் அதற்குப் பிறகு மனிதர் இருக்கக்கூடிய இடமில்லை. ஏறுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே என்று விட்டுவிட வேண்டாம். ஃபொயில் மின்சாரத்தைக் கடத்தும். பழைய வயரில் ஓர் உரசல், ஒரு ஸ்டேப்பிள் முனை குத்தினால் முழுத் தாளிலும் மின்சாரம் பாயும். 2009, 2010 ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவில் வீடுகளுக்கு வெப்பத்தடுப்புப் போடும் அரசாங்கத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் வெப்பம் தாங்காமல். அதனால் இந்தப் பந்தியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

ஃபொயிலைக் கூரைச் சட்டங்களின் அடிப்பக்கத்தில் பிடித்து, இலேசாகத் தொய்வு விட்டு அடியுங்கள். மேலே சீற்றுக்கும் அதற்கும் இடையில் காற்று நிற்கும். ஒரு தாளின்மேல் அடுத்த தாள் ஆறு அங்குலம் ஏற வேண்டும், பொருத்தை அலுமினியம் டேப்பால் ஒட்டுங்கள். முகட்டுப் பக்கமும் தாழ்வாரப் பக்கமும் சிறிது இடம் விடுங்கள். மேலே தேங்கும் சூடான காற்று முகட்டால் போக, தாழ்வாரத்தால் புதுக்காற்று நுழையும். அந்த இடைவெளிகளுக்குச் சிறுகண் கம்பி வலை அடித்தால் எலியும் அணிலும் புகாது. சுவரின் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே பழைய வீடுகளில் தெரியும் வெளி, அந்தக் காலத்துக் கொத்தனார் தெரிந்தே விட்டது. அதைச் சீமெந்தால் அடைக்காதீர்கள்.

கடல் பக்கம் இருப்பவர்கள் சாதாரண ஆணி, சாதாரண ஸ்குரூ வாங்க வேண்டாம். உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். துருப்பிடிக்காத எவர்சில்வர் ஸ்குரூ விலை கூடத்தான், ஆனாலும் அதுவே இலாபம்.

சூட்டை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் சீலிங்கின் மேல் கண்ணாடி நாரால் ஆன கம்பளி (கிளாஸ் வூல்) விரிக்கலாம், 50 மில்லிமீற்றர் போதும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். கூரை ஒழுகினால் முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள். நனைந்த கம்பளி சூட்டையும் தடுக்காது, சீலிங்கையும் ஊறவைத்து விழுத்தும். ரெஜிஃபோம் (பொதி செய்யும் வெள்ளை நுரை அட்டை) மலிவு என்று சிலர் அதை அறைக்குள் தெரியும்படி சுவரிலும் சீலிங்கிலும் ஒட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், அந்தப் புகை நச்சு.

அஸ்பெஸ்டஸ் கூரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சீற் உடையாமல் இருக்கும்வரை அதைச் சீண்டாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. துளைப்பது, அரம் போடுவது, பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, உயர் அழுத்தத் தண்ணீர் அடிப்பது எல்லாம் சீற்றிலுள்ள அஸ்பெஸ்டஸ் நார்களைக் காற்றில் பறக்கவிடும் வேலைகள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எனவே ஃபொயிலைச் சீற்றில் பூட்டாமல் மரச் சட்டத்தில் மட்டும் பூட்டுங்கள். சீற்றின்மேல் ஏறி நடக்கவும் வேண்டாம், பழைய சீற் ஆளின் பாரத்துக்குச் சட்டென்று உடையும். வெள்ளைக் கூரைப் பெயின்ற் அடிப்பது நல்ல பலன் தரும், ஆனால் அதைப் பழகிய ஆட்களிடம் விடுங்கள். அவர்களிடமும் காய்ந்த சீற்றைத் தேய்க்க வேண்டாம், நனைத்துத்தான் துடைக்க வேண்டும் என்று சொல்லிவையுங்கள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுத் தகரக் கொட்டிலின்மேல் கிடுகு போட்டிருப்பார்கள், உள்ளே அவ்வளவு குளிர்மை. கொழும்பின் நெருக்கமான வீடுகளுக்கு நடுவில் அதைச் செய்ய முடியாது. தீப்பிடிக்க ஒரு வாணப் பொறி போதும்.

கொங்கிரீட் தட்டுக் கூரை என்றால் கதை வேறு. அது பகலில் குடித்த சூட்டை இரவு பத்து மணிவரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஆகையால் வெயில் அதில் படாமல் தடுப்பதே சரியான வழி. மேலே நிழல்வலை கட்டலாம், வெள்ளை நிறப் பூச்சு அடிக்கலாம், வசதியிருந்தால் தட்டின்மேல் இடைவெளி விட்டு இன்னொரு இலேசான கூரை போடலாம். பூச்சாடி வைப்பவர்கள் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கு நுளம்புக்குச் சாடித்தட்டில் நிற்கும் தண்ணீரே போதும்.

மேற்குப் பக்கம்

இது சுருக்கம். யன்னல் கண்ணாடிக்குள் வெயில் நுழைந்த பிறகு திரைச்சீலை போடுவதால் பாதிப் பலன்தான், ஏனென்றால் சூடு ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. தடுப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி ஒன்றைச் சுருட்டி இறக்கும்படி வெளியே கட்டுங்கள், மத்தியானம் இரண்டு மணிக்கு இறக்கிவிட்டு சூரியன் மறைந்ததும் சுருட்டுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மழையைச் சாய்த்து அடிக்கும்போதும் அதே தட்டி உதவும். கீழ்நுனியைக் கயிற்றால் கட்டிவைக்க மறக்க வேண்டாம்.

ஏசி அறையின் இடைவெளிகள்

இரவு, அறைக்குள் லைட்டைப் போட்டு, வெளியே விறாந்தையை இருட்டாக்கிவிட்டுக் கதவைப் பூட்டி வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் குளிர் வெளியேறும் இடம். அடுத்து ஏசியை அரைமணி ஓடவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி உள்ளிருந்து கதவின் அடிப்பக்கம் பிடியுங்கள். புகை கதவுக்கு அடியால் வெளியே இழுபடும். அதையே கதவின் மேல்விளிம்புக்குக் கொண்டுபோங்கள், புகை உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும். குளிர்ந்த காற்று பாரம் கூடியது, கீழால் வழிந்து போகிறது, அந்த இடத்தை நிரப்ப மேலால் வெளிச்சூடு நுழைகிறது. நான் இதை முதலில் பார்த்தபோது நம்ப முடியாமல் மூன்று பத்தி கொளுத்தினேன்.

ஒரு கணக்குப் போடலாம். கதவின் அடியில் ஒரு சென்ரிமீற்றர் வெளி, அகலம் 80 சென்ரிமீற்றர்: 80 சதுர சென்ரிமீற்றர். இரு பக்கங்களிலும் மேல்விளிம்பிலும் மூன்று மில்லிமீற்றர் வெளி, மொத்த நீளம் 480 சென்ரிமீற்றர்: 144. இரண்டும் சேர்ந்து 224. அதாவது சுவரில் ஆறு அங்குலச் சதுரத்தில் ஓர் ஓட்டை உடைத்துவிட்டு ஏசி போடுகிறோம். கதவைப் பூட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு.

கதவின் அடிக்கு ரப்பர் நாக்கு வைத்த அலுமினியப் பட்டி வாங்கி உட்பக்கமாக ஸ்குரூ அடியுங்கள். ரப்பர் தரையை இலேசாகத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. வாடகை வீட்டில் துளைக்க விருப்பமில்லை என்றால், பழைய சாரத்தைக் குழாயாகத் தைத்து மணல் நிரப்பிக் கதவடியில் வைக்கலாம். அம்மா தைத்த ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது.

கதவு நிலையின் மூன்று பக்கத்துக்கும் ஒட்டும் பட்டி. இங்கேதான் புதியவர்கள் காசை வீணாக்குவார்கள். மலிவான பஞ்சுப் பட்டி நமது ஈரக்காற்றில் சில மாதத்தில் சப்பையாகிப் பிசுபிசுக்கும். உள்ளே குழிவான ரப்பர் பட்டியாக வாங்குங்கள், விரலால் நசுக்கினால் திரும்பி எழ வேண்டும். ஒட்டுமுன் நிலையை மணல்தாளால் மெல்லத் தேய்த்து, மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். எனாமல் பெயின்ற்மேல் படிந்திருக்கும் உப்பும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாது, பசைக்குத் தெரியும். மூலையிலிருந்து தொடங்கி, இழுக்காமல் வைத்து அழுத்துங்கள். இழுத்து ஒட்டினால் பின்னர் சுருங்கி மூலையில் வெளி விடும். கதவு வந்து அமரும் விளிம்பில்தான் ஒட்ட வேண்டும், உரசும் பக்கத்தில் அல்ல.

இன்னொன்று, இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். மரக்கதவு மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பெப்ரவரியில் அளந்து தடித்த பட்டி ஒட்டினால் ஒக்டோபர் மழையில் கதவு பூட்டாது, பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்ளவும் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் அளந்து வாங்குங்கள். அப்போது பொருந்துவது எப்போதும் பொருந்தும்.

யன்னல்களில், மரச்சட்ட யன்னலுக்கும் இதே பட்டிதான். இழுக்கும் அலுமினிய யன்னலில் ஓரத்தில் மயிர்ப்பட்டி ஒன்று இருக்கும், தேய்ந்திருந்தால் உருவியெடுத்துப் புதிதைச் செருகலாம். கீழ்த்தண்டவாளத்தில் வெளிப்பக்கமாகச் சின்னத் துளைகள் தெரியும். அவை மழைத்தண்ணீர் வடிவதற்கானவை. சிலிக்கன் கையில் இருக்கிறதென்று அவற்றையும் அடைத்தால் அடுத்த மழையில் தண்ணீர் அறைக்குள்தான் வரும். கண்ணாடித் தட்டு லூவர் யன்னலை முழுதாக இறுக்க முடியாது, உட்பக்கமாகத் தெளிந்த அக்ரிலிக் பலகை ஒன்றைக் கழற்றிப் பூட்டும்படி வைப்பதே வழி. கதவுக்கு மேலே இருக்கும் பழைய மரச்சித்திரக் காற்றுவழிக்கும் அப்படித்தான், பலகையைப் பிணைச்சல் போட்டு மாட்டுங்கள். மின்வெட்டு இரவில் திறந்துவிட வேண்டியிருக்கும்.

ஏசி குழாய் சுவரைக் கடக்கும் ஓட்டையை மறந்துவிடுவோம். வெள்ளை மூடியைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் உள்ளே கை நுழையும். களிமண் போலப் பிசையும் ஏசி புட்டி வாங்கி இரு பக்கமும் அடையுங்கள், பல்லியும் கரப்பானும் வருவது அன்றோடு நிற்கும்.

இத்தனையும் செய்தபிறகு ஏசியை 26 பாகையில் வையுங்கள். கொழும்புக் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது: அறையை 20 பாகைக்கு இறக்கினால் கண்ணாடியின் வெளிப்பக்கமும் அடுத்த அறைச் சுவரும் வேர்க்கும், அங்கேதான் கறுப்புப் பூஞ்சணம் தொடங்கும்.

அடைக்கவே கூடாத இடங்கள்

குசினி. சமையல் வாயு காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையோடு படியும். 2021 கடைசியில் நாடெங்கும் சிலிண்டர், அடுப்பு வெடித்த செய்திகளை நாம் எல்லோரும் பயந்து பயந்து கேட்டோம். குசினிக் கதவடியிலும் வெளிச்சுவரின் கீழ்ப்பக்கத்திலும் உள்ள வெளியைத் திறந்தே விடுங்கள். ஜெனரேற்றர் ஓடும் பல்கனிக்குப் பக்கத்து அறையை இறுக்கிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம், ஜெனரேற்றரையே அங்கிருந்து எடுக்க வேண்டும். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

இறுக்கிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள், வலை போடுங்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றவிடும். அதனால் காலையில் எழுந்ததும் கதவையும் யன்னலையும் பத்து நிமிடம் விரியத் திறவுங்கள், படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை. மூன்று நான்கு பேர் படுக்கும் அறை என்றால் காற்றுவழிப் பலகையை ஒரு விரற்கடை திறந்துவிட்டே தூங்குங்கள். போகும் குளிர் போகட்டும்.

கையில் காசு குறைவாக இருந்தால் இந்த மாதம் கதவையும் ஏசி ஓட்டையையும் முடியுங்கள், ஒரு காலைநேர வேலை. கூரைக்குப் பொங்கல் முடிந்த கையோடு, தை, மாசியில் ஆள் பிடியுங்கள். மழை குறைவு, வெயிலும் ஏறியிருக்காது. சித்திரைப் புதுவருடம் நெருங்கினால் பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மேலே ஏறும் அன்றே பீலியில் அடைத்திருக்கும் இலைகளையும் ஏணியில் நின்றபடியே அள்ளச் சொல்லுங்கள்.